அத்திம்பேரின் காது

அத்தியாயம் 14

போன வாரம் நாகலக்ஷ்மியை ஆரியசாலையில் பிச்சையாவின் மின்சாமான் கடை வாசலில், கையில் பத்து மீட்டர் ஒயரோடு நிறுத்திவிட்டு வந்தோம். நடுவில் வந்து சேர்ந்தவர்களுக்காக நாலு வரி சொல்லிவிடுகிறேன்.

மலையாளச் சீமையில், ஸ்ரீவராகத்துத் தமிழ்த் தெரு வீடு ஒன்றில் இரண்டு பெண்கள். மூத்தவள் பத்மப்ரியா, இளையவள் நாகலக்ஷ்மி. பெற்றவர்கள் போன பிறகு மூத்தவள் தன் கணவர் வெங்கடசுப்ரமணியனோடு பிறந்த வீட்டிலேயே இருக்கிறாள். இளையவள் கழக்கூட்டத்தில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் டெஸ்டிங் பிரிவுக்குத் தலைவி. அங்கேயே ஃப்ளாட். கணவர் மஸ்கட்டில். ஒரே பெண் ஸ்நேகா, பதினேழு வயது, பாடுகிறவள்.

நவராத்திரி ஒன்பது நாளும் தெரு மண்டபத்தில் பாட்டு உண்டு. வீட்டுக்கு ஒரு பேர், அதற்கு மேல் கிடையாது. அந்தத் தெருவில் அப்படித்தான் வழக்கம்; கல்யாணமாகிப் போன பெண்ணும் பிறந்த வீட்டுக் கணக்குதான். ஒரே வீட்டில் இரண்டு பேர் ஆசைப்பட்டால் யார் பாடுவது என்று சொல்கிற அதிகாரம் வெங்கடசுப்ரமணியனுக்கு. அவருக்கு அப்பேர்ப்பட்ட காதாம். சொந்த மனைவியும் மைத்துனியும் போட்டியிட்டால்கூட அவரேதான் தீர்ப்புச் சொல்வார், தெருவும் தலையாட்டும்.

இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் இருபது வயது நாகலக்ஷ்மி அவருக்குப் பாடிக் காட்டினாள். மூன்றாம் நாள் மண்டபக் கமிட்டிக்கு ஒரு சீட்டு போனது. "குரலில் கனம் போதாது. அடுத்த வருஷம் பார்க்கலாம்." அந்த அடுத்த வருஷம் வரவே இல்லை. அன்றைக்கு வாயை மூடியவள்தான், குளிக்கும்போதுகூட அவள் பாடி யாரும் கேட்டதில்லை. போன மாதம் ஸ்நேகா பாடிக் காட்டினாள். அதே சீட்டு, அதே இரண்டு வாக்கியம், ஒரு எழுத்து மாறவில்லை. வழக்கம்போல அந்த வீட்டுக்குரிய ஐந்தாம் நாள் பத்மப்ரியாவே பாடட்டும் என்றாகிவிட்டது.

இதைப் படித்துவிட்டும் ஒருத்திக்கு வயிறு எரியாது என்றால் அவள் சந்நியாசினியாகத்தான் இருக்க வேண்டும். நாகலக்ஷ்மி சந்நியாசினி இல்லை.

வெங்கடசுப்ரமணியன் ஓய்வு பெற்ற கையோடு சிங்கப்பூரிலிருந்து ஸ்பீக்கருக்கு ஒரு கேபிள் தருவித்தார். இரண்டு லட்சத்து எண்பதாயிரம் ரூபாய். அதை யாராவது ஒயர் என்று சொன்னால் அவருக்குக் கோபம் வந்துவிடும். வந்ததும் இருநூறு மணி நேரம் பாட்டை ஓடவிட்டுத்தான் அதைப் பழக்க வேண்டுமாம். ஒன்பது நாள் இரவும் பகலும் மாடியில் பாட்டு ஓடியது. பக்கத்து வீட்டு ரத்னாபாய்க்கு அதனால் வந்த தலைவலி இன்னும் தீரவில்லை. போதாததற்கு, கேபிள் தரையில் பட்டால் நாதம் கெட்டுப்போகுமாம். ஈட்டி மரத்தில் சின்னச் சின்னக் கட்டை செய்து அவற்றின்மேல் கிடத்தியிருந்தார். அந்த வீட்டில் மனுஷர்கள்கூட இப்போதெல்லாம் அவ்வளவு மடி பார்ப்பதில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை டிபன் நேரத்தில் அவர் சொன்னார். சாதாரண ஒயருக்கும் இந்தக் கேபிளுக்கும் உள்ள வித்தியாசம் ஐந்து வயதுக் குழந்தைக்குக்கூடக் கேட்கும், ஆனால் காது வேணும் என்று. காது வேணும் என்று சொல்லும்போது நாகலக்ஷ்மியைப் பார்த்துச் சொன்னார். அவள் இட்லியை மென்று விழுங்கிவிட்டு, பார்க்காமல் சொல்ல முடியுமா அத்திம்பேர் என்று மெதுவாகக் கேட்டாள். பத்துக்குப் பத்து சொல்லுவேன் என்றார். பக்கத்தில் காபி குடித்துக்கொண்டிருந்தவர் மண்டபக் கமிட்டிச் செயலாளர் அழகியநம்பி.

அவர் முன்னிலையிலேயே பந்தயம் ஆயிற்று. பத்துக்கு ஒன்பது சரியாகச் சொன்னாலும் போதும், ஸ்நேகா பாட்டைப் பற்றி இனிப் பேச்சே எடுக்க மாட்டேன். தவறினால் உங்கள் சீட்டு செல்லாது, ஐந்தாம் நாள் ஸ்நேகாதான் என்றாள் நாகலக்ஷ்மி. வெங்கடசுப்ரமணியன் சிரித்தபடி ஒப்புக்கொண்டார். நோட்டீஸ் அடுத்த ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு அச்சுக்குப் போக வேண்டும், அதற்குள் முடித்துவிடுங்கள் என்றார் அழகியநம்பி.

அந்த ஞாயிறு இன்றைக்கு.

கழக்கூட்டத்திலிருந்து காரில் வரும் வழியெல்லாம் ஸ்நேகா முணுமுணுவென்று பாடிக்கொண்டே வந்தாள். முக்கால் மணி நேரக் கச்சேரி முழுவதையும் அவள் மனப்பாடமாக வைத்திருக்கிறாள். எந்தக் கீர்த்தனை, எங்கே நிரவல், எத்தனை ஆவர்த்தனம் ஸ்வரம், எல்லாம் கணக்கு. ஈஞ்சக்கல் சிக்னலில் வண்டி நின்றபோதுதான் பாட்டை நிறுத்தினாள்.

"அம்மா, சீன் ஆக்கல்லே. பெரியப்பா பாவம். எனிக்குப் பாடணும், அத்ரயே உள்ளூ."

பள்ளிக்கூடத்து மலையாளம் அவளுக்கு நாக்கிலேயே உட்கார்ந்திருக்கும்; ரகளை வேண்டாம், பாடக் கிடைத்தால் போதும் என்கிறாள். நாகலக்ஷ்மி சரி என்றாள். மனதுக்குள் சரி என்று சொல்லவில்லை.

அவள் கைப்பையில் இரண்டு சாமான் இருந்தன. ஒன்று, பிச்சையா கடை ஒயர். சிவப்பும் கறுப்புமாக, வீட்டுக்கு ஒயரிங் போடுகிற ரெண்டரை ஸ்கொயர் கனம். எதற்கு என்று பிச்சையா கேட்டபோது அவள் விஷயத்தைச் சொன்னாள். அவன் கேபிளின் விலையைக் கேட்டு, வாயிலிருந்த வெற்றிலையை வெளியே போய்த் துப்பிவிட்டு வந்தான்.

"செம்பு செம்புதான்க்கா. மெலிசா இருந்தா, தூரம் கூடுனா, கொஞ்சம் தொய்யும். பத்தடி ஓடுறதுக்குள்ள கரண்டு என்னத்த மறந்துறப் போவுது?"

இன்னொன்று, ஆபீஸில் உட்கார்ந்து அவள் தயாரித்த தாள். பத்துச் சுற்று. ஒவ்வொரு சுற்றுக்கும் காசைச் சுண்டிப் பார்த்து, தலை விழுந்தால் கேபிள், பூ விழுந்தால் ஒயர் என்று எழுதி வைத்திருந்தாள். இருபது வருஷமாக அவள் செய்கிற வேலை அதுதான். எதைச் சோதிக்கிறோம் என்று தெரிந்துகொண்டு சொல்கிற பதில் செல்லாது, சோதிப்பவர் ஒரு பக்கம் சாய்ந்தாலும் செல்லாது. இந்த விதியை மீறிய ஒரு பையனை அவள் போன வருஷம் வீட்டுக்கு அனுப்பியிருக்கிறாள். ஆகவே மாடி ஏறும் வரை அவள் நேர்மையாகத்தான் இருந்தாள். இதை நான் அவளுக்காகச் சொல்லியாக வேண்டும்.

சாப்பாடு ஆயிற்று. பத்மப்ரியா எரிசேரியும் அப்பளமும் பரிமாறி, தங்கைக்கு இரண்டாம் தடவை பாயசம் ஊற்றினாள். கை அலம்பும்போது பின்னாலேயே வந்து, அவரை ரொம்ப நோகடிக்காதே நாகு, அவருக்கு இருக்கிறது அந்த ஒரு பெருமைதான் என்றாள். அக்கா நல்லவள் என்று நாகலக்ஷ்மி நினைத்துக்கொண்டாள். எப்போதும் அப்படித்தான் நினைப்பாள்.

மூன்று மணிக்கு மாடியில் கூடினார்கள். ஞாயிற்றுக்கிழமை தோறும் அங்கே பாட்டுக் கேட்க வருகிற தெருக்காரர்கள் நாலைந்து பேர், ரத்னாபாய், ஸ்நேகா. ஸ்பீக்கர்களுக்குப் பின்னால் அலமாரிக்கும் ஜன்னலுக்கும் நடுவில் ஒரு படுக்கை விரிப்பைக் கட்டியாயிற்று. அதற்குள் நாகலக்ஷ்மி, ஆம்ப்ளிஃபயர், இரண்டு வகை ஒயர். சாட்சியாக அழகியநம்பியும் உள்ளே ஒரு முக்காலியில் உட்கார்ந்தார். உள்ளே நடப்பதை வெளியே சொல்லக் கூடாது, எழுதிக்கொள்ளலாம் என்று ஏற்பாடு.

வெங்கடசுப்ரமணியன் பிரம்பு நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடினார். பத்து வருஷமாக அவர் தினமும் கேட்கும் ஒரு பழைய கச்சேரிப் பதிவு, கல்யாணி ஆலாபனை. முதல் நாலு நிமிஷத்தைப் பத்துத் தடவை போடுவது என்று தீர்மானம்.

அப்போது அவர் ஒன்று சொன்னார். திரைக்குள் இருப்பவளுக்காகச் சொன்னாரா, சும்மா சொன்னாரா, அவருக்கே தெரிந்திருக்காது.

"குரலும் கேபிள் மாதிரிதான் ஓய். கனம் இல்லேன்னா எத்தனை சிட்சை வெச்சாலும் வராது. சில ஆத்துல அது அம்மாவுக்கு இல்லேன்னா பொண்ணுக்கும் இல்லை."

வெளியே ஒருவர் சிரித்தார். ஸ்நேகாவின் பாவாடை சரசரத்தது. அவள் எழுந்து ஜன்னல் பக்கம் போய்விட்டாள் என்று நாகலக்ஷ்மிக்குத் தெரிந்தது.

நாகலக்ஷ்மி கையிலிருந்த தாளை நாலாக மடித்தாள். கைப்பையில் போட்டு மூடினாள். கேபிளை ஆம்ப்ளிஃபயரிலிருந்தும் ஸ்பீக்கர்களிலிருந்தும் கழற்றி, சுருட்டி, அழகியநம்பியின் தொடைமேல் வைத்தாள். பிச்சையா கடை ஒயரை மாட்டினாள். அழகியநம்பி ஏதோ கேட்க வாயெடுத்தார். அவள் உதட்டில் விரலை வைத்தாள்.

முதல் சுற்று போட்டபோது ஒரு நொடி அவளுக்கே பயமாக இருந்தது. ஒருவேளை நிஜமாகவே வித்தியாசம் இருந்துவிட்டால்? கல்யாணி எழுந்து வந்தது. ஒரு குறையும் இல்லை. அரை மணிக்கு முன்னால் கேபிளில் கேட்டாளே, அதே கல்யாணிதான்.

நாலு நிமிஷம் முடிந்ததும் அவர் சிரித்தார்.

"இது நம்ப கேபிள். தம்புரா மூச்சு விடறது கேட்டேளா? ஒவ்வொரு ஸ்வரத்தைச் சுத்தியும் ஒரு இடம் இருக்கு பாருங்கோ, அதுக்குத்தான் அந்த விலை."

அழகியநம்பி தன் தொடைமேல் கிடந்த கேபிளைக் குனிந்து பார்த்தார். பிறகு, ஒன்று, கேபிள் என்று எழுதிக்கொண்டார். சிரிப்பை அடக்குகிறாரா, பயப்படுகிறாரா என்று சொல்ல முடியவில்லை.

இரண்டாம் சுற்றுக்கு நாகலக்ஷ்மி ஒயரைப் பிடுங்கினாள். டக் என்று சத்தம் வெளியே கேட்கும்படி பிடுங்கினாள். அதே ஒயரை அதே இடத்தில் திருகினாள். மறுபடி கல்யாணி.

"ஐயே," என்றார் அவர், அரை நிமிஷம்கூட ஆகவில்லை. "நிறுத்து நாகு. போர்வையைப் போட்டு மூடினாப்போல இருக்கு. இது உன் சாலைக்கடை ஒயர் ஆக்கும்."

தெருக்காரர்கள் ஆமாம் ஆமாம் என்றார்கள். அவர்களுக்கும் போர்வை கேட்டுவிட்டது. ரத்னாபாய் மட்டும் எனக்கு ரெண்டும் ஒண்ணாத்தான் இருக்கு என்றாள். அவளை யாரும் சட்டை செய்யவில்லை.

மூன்று, நாலு, ஐந்து என்று போயிற்று. ஒவ்வொரு தடவையும் டக் என்று பிடுங்கல், திருகல், அதே ஒயர். கேபிள் என்று அவர் நினைத்தால் கமகங்களுக்குள் ஒளி தெரிகிறது, மிருதங்கத்தின் தோல் தெரிகிறது. ஒயர் என்று நினைத்தால் பாடகருக்கு ஜலதோஷம். ஆறாவது சுற்றில் அவருக்குக் கண்ணீரே வந்துவிட்டது. நடிப்பு இல்லை. கேபிள் என்று நம்பினார், நெஞ்சு நெகிழ்ந்தது, கண் நிறைந்தது. பார்த்துக்கொண்டிருந்த ஸ்நேகாவுக்கு, எதிராளியாக இருந்தும், பாவமாக இருந்தது.

நாகலக்ஷ்மிக்குப் பாவமாக இல்லை. திரைக்குள் வியர்த்து ஊற்றியது, முழங்கால் வலித்தது, அவளுக்கு அது ஒரு பண்டிகை மாதிரி இருந்தது. இருபத்திரண்டு வருஷமாக எந்தக் காதைக் கண்டு நடுங்கினாளோ அந்தக் காது, மீட்டர் ஐம்பது ரூபாய் ஒயருக்கு முன்னால் தத்தளிக்கிறது. ஒரு சுற்றில் கேபிள் என்கிறது, அடுத்ததில் ஒயர் என்கிறது. எட்டாவது சுற்றில் நிறுத்தியிருக்கலாம். அவள் நிறுத்தவில்லை, பத்தையும் போட்டாள்.

முடிந்ததும் அழகியநம்பியைப் படிக்கச் சொன்னார்கள். அவர் திரைக்கு வெளியே தலையை மட்டும் நீட்டினார். தொண்டையைக் கனைத்தார்.

"சார் சொன்னது, ஆறு தடவை கேபிள், நாலு தடவை ஒயர்."

"எத்தனை செரி?" என்றார் வெங்கடசுப்ரமணியன். தயாராகத் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டார்.

நாகலக்ஷ்மி விரிப்பைப் பிடித்து இழுத்தாள். முடிச்சு அவிழ்ந்து கீழே விழுந்தது. சிவப்பு கறுப்பு ஒயர் தரையில் புரண்டு கிடந்தது, ஆம்ப்ளிஃபயரிலிருந்து ஸ்பீக்கர் வரை. கேபிள் அழகியநம்பியின் கையில், ஒரு சுருளாக.

"நான் மாத்தவே இல்லை அத்திம்பேர். பத்து தடவையும் இதுதான்."

முதலில் சிரித்தது ரத்னாபாய். பிறகு ஜன்னலோரம் இருந்தவர். சிரிப்பு அறை முழுவதும் சுற்றி வந்தது. இரண்டு லட்சத்து எண்பதாயிரம், இரண்டு லட்சத்து எண்பதாயிரம் என்று யாரோ இரண்டு தடவை சொன்னார்கள். ஆறாவது சுற்றில் அழுதாரே என்று இன்னொருவர் எடுத்துக் கொடுத்தார். இன்றைக்குள் அது தெருக்கோடி வரை போய்விடும், நாளைக்குக் கோட்டைப் பக்கத்துத் தெருக்களிலெல்லாம் தெரிந்திருக்கும்.

வெங்கடசுப்ரமணியன் நாற்காலியிலிருந்து எழுந்து வந்தார். குனிந்து அந்த ஒயரைத் தொட்டார். ஒரு தடவைகூட மாற்றவில்லையா என்று கேட்டார். இல்லை என்றாள். நான் கேட்டேனே நாகு, எனக்கு நிஜமாக் கேட்டதே என்றார். அவர் அழகியநம்பியின் பக்கம் திரும்பினார்.

"இனிமே எங்கிட்டச் சீட்டு கேக்காதேங்கோ ஓய். அது சரியில்லை."

படியிறங்கிப் போனார். வேஷ்டி நுனி ஒரு படியில் மாட்டிக்கொண்டது. அவரே குனிந்து எடுத்துவிட்டுக்கொண்டு போனார். சிரித்தவர்கள் நிறுத்திவிட்டு, ஒவ்வொருவராகக் காபி இருக்கிற இடத்தைத் தேடிக் கீழே இறங்கினார்கள். அழகியநம்பி கேபிளை நாற்காலியில் வைத்துவிட்டு ஸ்நேகாவைக் கூட்டிக்கொண்டு போனார். அவள் முகத்தில் சந்தோஷமும் பயமும் சரிபாதி இருந்தன.

மாடியில் நாகலக்ஷ்மி மட்டும். பத்மப்ரியா கதவோரம் எப்போது வந்து நின்றாள் என்று தெரியாது.

"திருப்தியா?" என்றாள்.

"ரொம்ப."

"நீ பண்ணினது டெஸ்ட் இல்லை. வஞ்சம்."

"ஆமாம் அக்கா, வஞ்சம்தான். நியாயமா பண்ணியிருந்தாலும் அவர் தோத்திருப்பார். ஆனா எனக்கு அது போறாது. அவர் எனக்குப் பண்ணினது நியாயமா?"

பத்மப்ரியா உள்ளே வந்தாள். கேபிளை எடுத்து மரக்கட்டைகளின்மேல் ஒவ்வொன்றாக வைக்க ஆரம்பித்தாள், எதுவும் நடக்காததுபோல. கீழே பூஜை அறை வாசலில் அவர் நிற்கிறார், உள்ளேயும் போகவில்லை, யாரோடும் பேசவும் இல்லை என்றாள். இருபது வருஷத்துக்கு மேலாகத் தெருவில் அவர் நடந்தால் எழுந்து நிற்பார்கள், நாளை முதல் சிரிப்பார்கள் என்றாள். குரல் உயரவில்லை. நாகலக்ஷ்மி ஒயரைச் சுருட்டிக்கொண்டே, சிரிக்கட்டும் என்றாள்.

அந்த ஒரு சொல்தான். பத்மப்ரியா கையிலிருந்த கட்டையைக் கீழே வைத்தாள்.

"அந்தச் சீட்டுல இருந்த கையெழுத்து அவரோடது. வார்த்தை என்னோடது."

நாகலக்ஷ்மிக்கு உடனே புரியவில்லை. எந்தச் சீட்டு என்று கேட்டாள்.

"ரெண்டும்தான். உன்னோடதும், உன் பொண்ணோடதும்." பத்மப்ரியா தங்கையின் முகத்தைப் பார்த்தே சொன்னாள். "அன்னிக்கு உன்னைக் கேட்டுட்டு வந்தார். செருப்பைக் கழட்டறதுக்குள்ள எங்கிட்டச் சொன்னார். பத்மா, இந்த மாதிரிக் குரல் இந்தத் தெருவுல இதுவரைக்கும் வந்ததில்லை, உன் தங்கை பாடின மேடையில அப்புறம் நீ ஏறினா ஒருத்தரும் கேக்க மாட்டான்னார். கல்யாணமாகி மூணு மாசம். புருஷன் வாயால இதைக் கேக்கறேன். கனம் போறாதுன்னு எழுதுங்கோன்னேன். மாட்டேன்னார். ரெண்டு நாள் நான் பச்சைத் தண்ணி குடிக்கலை. எழுதினார்."

"அக்கா."

"இரு, முடிக்கறேன். உனக்கு அவர்மேல வஞ்சம், எனக்கு உன்மேல. நீ அவரைத் தெரு சிரிக்கப் பண்ணினே, அதுக்குப் பதில் இதை வாங்கிக்கோ. உன் குரல் ஒசத்தின்னு இந்த லோகத்துல சொன்னது ஒரே ஒரு காது. அது ஒண்ணுக்கும் உதவாத காதுன்னு இப்போ நீயே ஊரைக் கூட்டி நிரூபிச்சுட்டே. இனிமே உன் குரலைப் பத்தி யார் சொல்லி நீ நம்புவே?"

நாகலக்ஷ்மி ஒயரைக் கையில் பிடித்தபடி நின்றாள். அக்காவை நாலு வார்த்தை வைதிருந்தால், அந்தக் கட்டைகளை எட்டி உதைத்திருந்தால், எனக்குக்கூட நிம்மதியாக இருந்திருக்கும். அவளால் முடியவில்லை. இருபத்திரண்டு வருஷம் ஒரு மனிதரை வெறுத்திருக்கிறாள். ஒவ்வொரு நவராத்திரிக்கும் முதல் வரிசையில் உட்கார்ந்து அக்காவின் பாட்டுக்குத் தாளம் போட்டிருக்கிறாள். கைதட்டியிருக்கிறாள். நெஞ்சு பற்றி எரிந்தது. இந்தத் தடவை எரிச்சல் போய் நின்ற இடம் வேறு.

இப்போதே அந்த மேடையில் ஏற வேண்டும். இந்த அக்கா முதல் வரிசையில் உட்கார்ந்து கேட்க வேண்டும். முழுசாக முக்கால் மணி நேரம் கேட்க வேண்டும். அதைத் தவிர அவள் மனதில் வேறு எதுவும் இல்லை. குரல் இருக்கிறதா, போய்விட்டதா, அதுகூட இல்லை.

படியில் செருப்பில்லாத காலடி கேட்டது. அழகியநம்பி கையில் பட்டியலோடு ஏறி வந்தார். பின்னால் ஸ்நேகா. கண்ணெல்லாம் சிரிப்பு, கீழே ரத்னாபாய் அவள் கன்னத்தைக் கிள்ளி, நீதான் பாடப் போறே என்று சொல்லி அனுப்பியிருந்தாள்.

"அச்சுக்காரன் ரெண்டு தடவை ஃபோன் பண்ணிட்டான் கேட்டேளா," என்றார் அழகியநம்பி. பேனாவைத் திறந்தார். "ஐந்தாம் நாள், உங்காத்துப் பேர். ஸ்நேகான்னுதானே?"

"நாகலக்ஷ்மின்னு எழுதுங்கோ," என்றாள் அவள்.

அழகியநம்பி தலை நிமிர்ந்தார். முதலில் அவளைப் பார்த்தார், பிறகு பெண்ணைப் பார்த்தார். நான் பாடறேன், எழுதுங்கோ என்று அவள் மறுபடி சொன்னாள். அவர் எழுதினார். வீட்டுக்கு ஒரு பேர்தான், பக்கத்தில் இன்னொன்று எழுத இடம் கிடையாது.

"அம்மே," என்றாள் ஸ்நேகா. "அது என்டெயல்லே? என்னோட நாளில்லையா?"

நாகலக்ஷ்மி அக்காவையே பார்த்துக்கொண்டு நின்றாள். மகள் கேட்டது அவள் காதில் விழவில்லை.